மட்டாஞ்சேரி மச்சானின் முழங்காலும் நான் எழுதிய ஒரு வரியும்

போன வருடம் மூன்று முறை கொச்சிக்குப் போனேன். மூன்று முறையும் மட்டாஞ்சேரிப் பக்கம்தான் தங்கினேன். அரண்மனையைப் பார்க்கவில்லை, சீன மீன்வலைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, ஒரு படம்கூட எடுக்கவில்லை. என் அக்கா மேகலாவின் கணவர் செல்வனுடைய வலது முழங்காலுக்காகப் போன பயணங்கள் அவை.

ஜூலையில், இரண்டாவது பயணம் முடிந்த கையோடு, இந்த வலைப்பக்கத்தில் நான்கு வரி எழுதியிருந்தேன். மச்சானின் முட்டிக்குள் உடைந்துபோன குருத்தெலும்புக்குப் பதிலாக அவருடைய செல்களையே ஆய்வகத்தில் வளர்த்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பெருமையடித்துக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு முட்டிவலிக்காரர்கள் பலர் எழுதினார்கள். எந்த ரயில், எத்தனை நாள், எங்கே தங்குவது, பலன் உண்டா என்று கேட்டிருந்தார்கள். அக்டோபருக்குப் பிறகு யாருக்கும் பதில் எழுதக் கை வரவில்லை. இப்போது எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அவர்கள்மேல் குறை ஒன்றுமில்லை. குறை யார்மேல் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் மச்சானைப் பற்றி. வயது முப்பத்தேழு. அவருடைய அப்பா நகராட்சி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்தவர். மச்சான் பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேயே. வீட்டில் தமிழ் பேசுவார், ஆனால் வாசிப்பதும் எழுதுவதும் மலையாளம்தான். தமிழ்ப் பேருந்தின் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பேருந்து போய்விடும் என்று நான் கேலி செய்வேன். கொச்சங்காடியில் கிட்டங்கிகளுக்கு மூட்டை இறக்குகிற குழுவில் பதினொரு பேரில் ஒருவர். சங்கத்தில் பதிந்த அட்டை, நீலச் சட்டை. ஒருவர் இடம் காலியானால்தான் அந்தக் குழுவில் இன்னொருவர் சேரமுடியும். அந்த இடத்தைப் பிடிக்க அவர் ஆறு வருடம் காத்திருந்தவர்.

ஏப்ரலில் ஒருநாள் லாரியிலிருந்து சுக்கு மூட்டை இறக்கும்போது காலடியில் பலகை வழுக்கியது. தலையில் ஐம்பது கிலோவோடு முட்டி திருகிக்கொண்டது. வீக்கம் வடிந்த பிறகும் படி இறங்கினால் உயிர் போகிற வலி. ஸ்கேனில் தொடையெலும்பின் முனையில் குருத்தெலும்பு ஒரு ரூபாய் நாணயத்தளவு பெயர்ந்திருப்பது தெரிந்தது. அவர் திரும்ப மூட்டை தூக்குவாரா மாட்டாரா என்பதுதான் அந்த வீட்டில் அன்றிலிருந்து ஒரே கேள்வி. குழுவினர் ஒன்றரை வருடம் இடத்தை நிரப்பாமல் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதுவே பெரிய மனசு.

முதல் பயணம் ஜூன் முதல் வாரம். கோவையிலிருந்து காலை 6.20க்கு ஏறினேன். இரண்டாம் வகுப்பு இருக்கை 105 ரூபாய், தூரம் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். எர்ணாகுளம் தெற்கில் இறங்கியபோது 10.35. பாலக்காடு தாண்டியதிலிருந்து மழை. தெற்கு நிலையத்திலிருந்து சுள்ளிக்கல்லில் இருக்கும் அக்கா வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர், ஆட்டோ 210 ரூபாய். வெலிங்டன் தீவு வழியாகப் போகும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் இருபது நிமிடம் என்பது ஐம்பது ஆகிவிடும். மருத்துவமனை நேரம் குறித்திருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

அன்று மதியம் மருத்துவமனையில் மச்சானின் முட்டியைப் பார்க்கிற டாக்டரம்மா எனக்கு ஆங்கிலத்திலும் மச்சானுக்கு மலையாளத்திலும் மாற்றி மாற்றி விளக்கினார். தோல் கிழிந்தால் தானாக மூடிக்கொள்ளும், எலும்பு உடைந்தால் கூடிக்கொள்ளும். குருத்தெலும்புக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் அதில் விழுந்த குழி தானாக நல்லபடி நிரம்பாது. எனவே முட்டிக்குள்ளேயே அதிகம் வேலை செய்யாத ஓரத்திலிருந்து இரண்டு அரிசியளவு நல்ல குருத்தெலும்பை எடுப்பார்கள். வேறு ஊரிலுள்ள ஆய்வகத்தில் அதிலிருந்து செல்களைப் பிரித்து, சத்து நீர் ஊற்றி, சில வாரங்கள் வளர்ப்பார்கள். போதுமான அளவு பெருகியதும் திரும்ப வரவழைத்து, பசைபோல உறைகிற ஒரு பொருளில் கலந்து குழியில் நிரப்புவார்கள். வயதாகி முட்டி முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு இது உதவாது. சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருந்து நடுவில் ஒரு குழி மட்டும் விழுந்த இளவயது முட்டிக்குத்தான் பொருந்தும். கடிதம் எழுதியவர்களில் பாதிப்பேருக்கு இந்த ஒரு வரியே பதில்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தயிருக்கு உறை எடுத்து வைக்கிற மாதிரியா என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்து, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். மறுநாள் காலை ஊசித்துளை வழியாக அந்த இரண்டு அரிசியை எடுத்தார்கள். முக்கால் மணி நேரம்தான் ஆனது. நான் மதியம் 3.10 ரயிலில் திரும்பிவிட்டேன்.

இரண்டாவது பயணம் ஜூலை மூன்றாம் வாரம். இந்த முறை ஆறு நாள். குளிர்ப்பெட்டியில் செல்கள் வந்து இறங்கிய அன்றே அறுவை. ஆய்வகத்திலிருந்து கிளம்பிவிட்டால் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் வைத்தாக வேண்டுமாம். என்ன மழை பெய்தாலும் விமானம் தாமதமாகக் கூடாதே என்று அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துவிட்டது. காலை 9.40க்கு உள்ளே கொண்டுபோனார்கள், 12.15க்கு வெளியே. குழி சுத்தமாக நிரம்பிவிட்டது என்றார் டாக்டரம்மா. எனக்குக் கண் கலங்கியது. ஒரு மனிதனின் உடம்பிலிருந்து எடுத்ததை வெளியே வளர்த்து அவனுக்கே திரும்பக் கொடுக்கிற காலத்தில் இருக்கிறோம் என்று ஏதேதோ நினைத்துக்கொண்டேன்.

பிறகு, மச்சானுக்கு மயக்கம் தெளியும் முன்பே, அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னதுதான் முக்கியம். நிரப்பிய செல்கள் முதல் ஆறு வாரம் இளசாக இருக்கும். முட்டியை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்ய வேண்டும், ஆனால் அந்தக் காலை ஊன்றக் கூடாது. உடம்பின் எடை அதன்மேல் இறங்கினால் நிரப்பியது பெயர்ந்துவிடும். எனக்கு இது தெளிவாகப் புரிந்தது. புரிந்தது எனக்கு மட்டும்தான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் இரண்டு தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, மலையாளமா ஆங்கிலமா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, நாங்கள் தமிழ்க்காரர்கள், ஆங்கிலத்தில் கொடுங்கள், நானே தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். மலையாளத் தாளில் படங்கள் இருந்தன. தரையில் ஊன்றிய பாதத்தின்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. நர்ஸ் கையில் அதைப் பார்த்தேன். வாங்கவில்லை.

ஆங்கிலத் தாள் இரண்டு பக்கம். நான் அதை ஒரு நோட்டுத் தாளில் ஏழு வரியாகச் சுருக்கினேன். வளவளவென்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மாத்திரை வேளைகள், ஐஸ் ஒத்தடம், பயிற்சி, தையல் பிரிக்கும் நாள். நான்காவது வரி: ‘ஆறு வாரம் பாரம் கூடாது.’ அக்கா அதை மச்சானுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். மச்சான் தலையாட்டினார். என் வேலை கச்சிதமாக முடிந்தது என்று நான் ஊருக்குக் கிளம்பினேன்.

மூன்றாவது பயணம் அக்டோபரில். பத்தாவது வாரம் முட்டி வீங்கிவிட்டது, மடக்கினால் பூட்டிக்கொள்கிறது என்று அக்கா போன் செய்தாள். அதே 6.20 ரயில், அரை மணி தாமதம். சுள்ளிக்கல்லிலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும்போது தோப்பும்படிப் பாலத்தில் ஒவ்வொரு குழிக்கும் மச்சான் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பதுக்கெப் போகாம் சேட்டா என்று வேகத்தைக் குறைத்தார். பின்னாலிருந்து லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அவர் கண்டுகொள்ளவே இல்லை. 240 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் 200 போதும் என்றார்.

எம்.ஆர்.ஐ. எடுக்க நாற்பது நிமிடம், படம் வர இரண்டு மணி நேரம். டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நிரப்பியதில் பாதிக்குமேல் அடியிலிருந்து கழன்று மடிந்து கிடந்தது. அந்தத் துண்டுதான் முட்டியைப் பூட்டுகிறது. அவர், அந்த ஆறு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று மலையாளத்தில் மச்சானைக் கேட்டார். பாரம் எதுவும் கொடுக்கவில்லையே?

மச்சானின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டு வந்தவர் முகம். ஒரு கிலோகூட எடுக்கவில்லை என்றார். குடிதண்ணீர்க் குடம் தொடவில்லை. சிலிண்டரைப் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கி வைத்தார். ஐந்து வயது மகள் தூக்கச் சொல்லி அழுது காலைக் கட்டிக்கொள்வாள், ஆறு வாரமும் அவளைத் தூக்கவில்லை. பத்து நாளில் வலி விட்டுப்போனதும் ஊன்றுகோல்களைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். வலிக்குத்தானே ஊன்றுகோல்? தினமும் காலையில் சாயாக் கடைக்கு அரை கிலோமீட்டர் நடந்து போய், பத்திரிகையை அங்கேயே படித்துவிட்டு, அதைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெறுங்கையோடு நடந்து வந்திருக்கிறார். தையல் பிரிக்கும்போதும் இதே கேள்விதான் கேட்டார்களாம், இதே பதில்தான் சொன்னாராம். ஆறு வாரம் கழித்து, இனி மெல்ல மெல்லப் பாரம் கொடுக்கலாம் என்றபோது, மறுநாளே ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

யார் இப்படிச் சொன்னது என்று டாக்டரம்மா கேட்டார். மச்சான் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த நோட்டுத் தாளை எடுத்தார். “மாப்ள எழுதிக் குடுத்தது” என்றார். அவர் குரலில் பெருமைதான் இருந்தது.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார். நான்காவது வரியைப் படித்தேன். அந்தச் சொல் மலையாளத்திலும் அதேதான், அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மேசைமேல் உள்ளங்கையை வைத்து, எழுந்து நின்று, தன் முழு எடையையும் அந்தக் கையில் சாய்த்துக் காட்டினார். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல் இது இறங்குகிறது, இதைத்தான் நாங்கள் பாரம் என்கிறோம் என்று மலையாளத்தில் சொன்னார்.

மச்சான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், தமிழில், என்னிடம்.

“அப்ப, நான்தானா பாரம்?”

நான் தலையாட்டினேன். பதினைந்து வருடமாகத் தலையில் ஐம்பது கிலோவோடு பலகை ஏறி இறங்கிய மனிதர். பாரம் என்றால் அவருக்கு வெளியிலிருந்து தலையில் ஏறுவது. வெறுங்கையோடு நடப்பதை அந்தக் குழுவில் யாரும் ஓய்வு என்றுதான் சொல்வார்கள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியாதா? அவர் வேலை தெரியும், அவருக்கு எந்த எழுத்து வரும் என்பதும் தெரியும். தெரிந்தும் ஒரு வரியில் முடித்தேன்.

கழன்ற துண்டை எடுத்துவிட்டால் பூட்டுவது நிற்கும், அன்றாடம் நடக்கலாம் என்றார் டாக்டரம்மா. திரும்பவும் செல் வளர்த்து வைக்கலாமா என்றேன். அடி எலும்பும் இப்போது கெட்டிருக்கிறது, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை என்றார். மூட்டை தூக்குவதைப் பற்றி நான் கேட்கவில்லை. மச்சானே கேட்டார். இல்லை, இனி வேண்டாம் என்று பதில் வந்தது.

திரும்பும் ஆட்டோவில் என்னைத் திட்டுங்கள் மச்சான் என்றேன். “சாரமில்ல, பரவால்ல மாப்ளே, நீ மனசறிஞ்சா செஞ்ச?” என்று என் தொடையில் தட்டினார். அதற்கு அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

அக்கா அப்படி விடவில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியை மேடைமேல் வைத்தாள். “அந்த நர்சு மலையாளமான்னுதான மொதல்ல கேட்டா? நான் பக்கத்துலதான நின்னேன். படிச்சவன் நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வாயை மூடிட்டு நின்னேன்.” அவ்வளவுதான். அன்று சாப்பாடு போட்டாள், பேசவில்லை. இதை எழுதும் இன்றுவரை என் போனை எடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. மொத்தம் மூன்று தடவையாவது போகவேண்டி வரும். முதல் தடவைக்கு இரண்டு நாள், செல் வைக்கும்போது ஆறு நாள், பிறகு பரிசோதனைகளுக்கு ஒவ்வொரு நாள். இரண்டு அறுவைக்கும் நடுவில் ஐந்தாறு வாரம் ஆகும், அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகுக்கு ஆறு ரூபாய்தான், இருபது நிமிடம்தான், ஆனால் கட்டுப்போட்ட காலோடு படகில் ஏறவே ஏறாதீர்கள். பாலம் வழியாக ஆட்டோ பிடியுங்கள். தங்குமிடம் தரைத்தளமாக இருக்கட்டும். உட்கார்ந்து எழ முடியாது, வீட்டில் பழைய கழிவறை என்றால் கமோடு நாற்காலி ஒன்று வாடகைக்குக் கிடைக்கும், முதல் நாளே வாங்கி வையுங்கள். செலவை நான் எழுதமாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும், மருத்துவமனையில் கேளுங்கள். பலன் உண்டா என்றால், உண்டு என்றுதான் நினைக்கிறேன். மச்சானின் முட்டியிலும் ஆய்வகம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

கையில் தருகிற தாளை நோயாளி எந்த மொழியில் வாசிப்பாரோ அந்த மொழியில் வாங்குங்கள். சுருக்காதீர்கள். ‘காலைத் தரையில் வைக்காதே, வலி போன பிறகும் வைக்காதே’ என்று பச்சையாக எழுதுங்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். என்ன புரிந்தது என்று அவர் வாயால் சொல்லவைத்துக் கேளுங்கள்.

மூன்றாவது பயணத்தின் கடைசி நாள் காலை பத்து மணிக்கு மச்சான் என்னைக் கொச்சங்காடிக்குக் கூட்டிப் போனார். வழியில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினார். குழுவின் கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டி வைத்துக்கொண்டு, சங்கத்துக்கு மலையாளத்தில் ஒரு கடிதம் எழுதினார். உருண்டையான அழகான எழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. அவருடைய ஆட்கள் நான்கைந்து பேர் லாரிப் பக்கம் நின்று இந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள்.

எழுதி முடித்ததும் வரிவரியாக எனக்குத் தமிழில் சொன்னார். பிறகு, “இப்ப நீ சொல்லு மாப்ளே, சரியா வந்திருக்கான்னு நோக்கட்டு” என்றார். குத்திக்காட்டவில்லை. கடிதம் சரியாக இருக்கிறதா என்று படித்த ஆளிடம் கேட்கிறார், அவ்வளவுதான்.

நான் சொன்னேன். முட்டி கெட்டுப்போனதால் என்னால் இனிமேல் பாரம் எடுக்க முடியாது. யாருடைய கட்டாயமும் இல்லாமல் எழுதுகிறேன். என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம்.

“கறெக்ட்” என்று சொல்லிவிட்டு மச்சான் கையெழுத்துப் போட்டார்.